திரைக்குப் பின்னால் ஐந்து பேர்

மேடையில் ஒரே ஒரு பெண். பழைய இத்தாலியக் கோமாளி நாடகத்து வேஷம். எங்கிருந்தோ குழல் கொஞ்சுகிறது, செல்லோ முனகுகிறது. வாசிக்கிறவர்களை மட்டும் காணோம்! 1912 அக்டோபர் 16, பெர்லின், கொராலியோன் அரங்கம். இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் ‘பியரோ லூனேர்’ அரங்கேறிய அன்று ரசிகர்கள் கண்ணுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். கூத்தெல்லாம் திரைக்குப் பின்னால். வாருங்கள், சத்தம் காட்டாமல் எட்டிப் பார்த்துவிடுவோம்.

அடேயப்பா, உள்ளே என்ன பரபரப்பு! ஐந்து பேர், எட்டு வாத்தியங்கள். புல்லாங்குழல்காரர் குழலைக் கீழே வைத்த கையோடு குட்டிக் குழலான பிக்கலோவை எடுக்கிறார். கிளாரினெட்காரருக்குப் பக்கத்திலேயே பாஸ் கிளாரினெட். வயலின்காரர் மடியில் வியோலா. செல்லோவும் பியானோவும்தான் மாற்றாமல் பிழைத்தன. அந்தப் பியானோவில் உட்கார்ந்திருக்கும் பொடியன் எட்வர்ட் ஸ்டாயர்மன், வயது 20. நடத்துவது சாட்சாத் ஷோன்பெர்க்கே. மொத்தம் 21 கவிதைகள், பாட்டுக்குப் பாட்டு கூட்டணி மாறும். ‘நோயுற்ற நிலா’வுக்குப் புல்லாங்குழல் மட்டும் துணை, மற்ற நால்வரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

முன்னால் நிற்பவர் நடிகை ஆல்பெர்டினே ட்ஸேமே. பெல்ஜியக் கவிஞர் ஆல்பெர் ஜிரோவின் கவிதைகளை ஜெர்மனில் சொல்ல, பக்கத்தில் ஒரு பியானோ இருந்தால் போதும் என்றுதான் அந்த அம்மாள் கேட்டார். ஷோன்பெர்க்கோ மார்ச் 12-இல் எழுதிய முதல் பாட்டிலேயே கிளாரினெட்டைச் செருகிவிட்டார்! ஜூலை 9-க்குள் எல்லாம் முடிந்தது. பாவம், ட்ஸேமேக்கு வந்து சேர்ந்த தாள்களில் ஸ்வரங்களின் காம்பில் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள். ஸ்வரத்தைத் தொடு, தொட்டதும் விட்டுவிட்டு ஏறு அல்லது இறங்கு என்று அர்த்தம். பாடவும் கூடாது, சாதாரணமாகப் பேசவும் கூடாது, தாளமோ இம்மி பிசகக் கூடாது. நாற்பது ஒத்திகை பார்த்தார்கள் என்றால் பின்னே?

ஒரு வம்பு: ஷோன்பெர்க்குக்கு 13 என்றாலே உதறல். பிறந்ததே செப்டம்பர் 13. இந்தக் கவிதைகளோ ஒவ்வொன்றும் சரியாக 13 வரி!

எனக்கு மிகவும் பிடித்த திருட்டுத்தனம் ‘நிலாக்கறை’யில் இருக்கிறது. கறுப்புக் கோட்டின் முதுகில் வெள்ளைக் கறையைப் பார்த்த கோமாளி பியரோ, சுண்ணாம்பு என்று நினைத்து விடிய விடியத் தேய்க்கிறான். அது நிலா வெளிச்சம், போகுமா? வாத்தியங்களைக் கவனியுங்கள். பிக்கலோவைக் கிளாரினெட் துரத்துகிறது, வயலினும் செல்லோவும் இன்னொரு துரத்தலில். நட்டநடுவில் நால்வரும் சட்டென்று திரும்பி, வந்த வழியே ஸ்வரம் ஸ்வரமாகப் பின்னோக்கி ஓடுகிறார்கள்! பியானோ மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் ஒரே மெட்டைக் குரலுக்குக் குரல் கைமாற்றும் தன் ஃபியூகை வாசித்தபடி முன்னே போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். அத்தனை வேகத்தில் எந்தக் காதுக்குப் பிடிபடும்? கேட்பவருக்குத் தெரிவதெல்லாம் படபடப்பு ஒன்றுதான். இப்படி ஒளித்து வைத்துவிட்டு மனிதர் என்ன சுகம் கண்டாரோ!

பயமுறுத்தும் இசை என்று பேர் வாங்கிவிட்ட ஒன்றுக்குள் இவ்வளவு விளையாட்டு. இது விஷயம் தெரிந்தவர்களை இழுக்காமல் இருக்குமா? அந்த டிசம்பரிலேயே இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி பெர்லினில் வந்து கேட்டுவிட்டுப் போனார். 1924-இல் ஃபுளோரன்ஸில் நடந்தபோது வந்து உட்கார்ந்தவர், ஆப்பெராவில் ஊரையே அழவைத்த புச்சினி. உடம்புக்கு முடியாத காலம் அது. ஆனாலும் கையில் ஸ்வரப் புத்தகம்!