கல்முனைக் கரையோரத்து அடுப்படி வழக்காறுகள்: உணவும் மருந்தும் நம்பிக்கையும்

இலங்கையில் நாட்டார் வழக்காற்றியல் பெரும்பாலும் பாடலையும் கதையையும் கூத்தையுமே தன் ஆய்வுப் பொருளாகக் கொண்டு வளர்ந்துள்ளது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ முதலாக, நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் முஸ்லிம் கிராமங்களில் தேடித் தொகுத்த வாய்மொழிப் பாடல்கள் ஈறாக, கிழக்கிலங்கை பற்றிய முயற்சிகள் பெறுமதி மிக்கன. ஆயினும், கவி பாடிய அதே பெண்கள் அம்மியில் எவற்றை அரைத்தனர், எதன் பொருட்டு அரைத்தனர் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. பாடல் இலக்கியமாக மதிக்கப்பட்டது. கைமருந்தோ வீட்டு வேலையாகக் கருதப்பட்டு விடப்பட்டது. இப்பாகுபாடு பொருத்தமற்றது என்பதையும், அடுப்படி அறிவு சமூக வரலாற்றின் ஆவணமாகக் கொள்ளத்தக்கது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

தாய்வீடும் அறிவின் கையளிப்பும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நெருங்கித் தொடரும் இக்கரையோர ஊர்களுக்குக் கிழக்கே கடலும் மேற்கே வயலும் உள்ளன. அரிசி, மீன், தேங்காய் ஆகிய மூன்றும் உணவின் அடிப்படையாக அமைந்தமைக்கு இப்புவியியலே காரணமாகும். இங்குள்ள முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொள்வோர் ஆவர். திருமணத்தின்போது வீடும் வளவும் மகளுக்கே எழுதப்படும். மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழ்வான். இதன் விளைவொன்று இங்கு சிறப்பாக நோக்கத்தக்கது. மாமியார் வீட்டில் புதிதாகச் சமையல் பழகவேண்டிய நிலை இங்குள்ள பெண்ணுக்கு ஏற்படுவதில்லை. உம்மாவின் அடுப்பும், அம்மியும், வளவிலுள்ள முருங்கையும், கிணற்றடியில் வளரும் இரம்பையும் தலைமுறை தோறும் பெண்வழியே தொடர்ந்து வந்துள்ளன. எழுதப்படாத அறிவு சிதையாமற் கைமாறுவதற்கு இச்சொத்துமுறை பெருந்துணை புரிந்துள்ளது எனலாம்.

கஞ்சியின் தத்துவம்

இவ்வறிவின் இயல்பை விளக்கக் கஞ்சி ஒன்றே போதுமானது. நோன்புக் கஞ்சிக்கு ஒரு சுண்டு பச்சையரிசியை உள்ளி, இஞ்சி, சிறிதளவு வெந்தயம், இரம்பைத் துண்டு ஆகியவற்றுடன் நீர் தாராளமாக விட்டுக் குழைய அவிப்பர். முதற்பாலை இறுதியிலேயே சேர்ப்பர். அதன்பின் கொதிக்க விட்டால் பால் திரைந்துவிடும். பகல் முழுவதும் நீரும் அருந்தாத உடலுக்கு நீரையும் மாவுப் பொருளையும் உப்பையும் ஒருங்கே அளிக்கும் உணவு இது. பள்ளிவாசலில் பெருங்கிடாரத்திற் காய்ச்சி, இல்லார் இருப்பார் என்ற வேறுபாடின்றிப் பகிரப்படுவதால் இக்கஞ்சிக்குச் சமூகப் பண்பு ஒன்றும் உண்டு.

பால் சேராத உப்புக் கஞ்சி வயிற்றோட்டக்காரருக்கு உரியது. அதனை ஏழையின் பத்திய உணவு என்று படித்தோர் ஒருகாலத்தில் எள்ளியதுண்டு. ஆனால், 1980 களில் டாக்காவில் நடைபெற்ற ஆய்வுகள், வாந்திபேதி நோயாளருக்கு அரிசிமாவும் உப்பும் கலந்த கரைசல் நற்பயன் அளிப்பதை நிறுவின. அரிசியிலுள்ள மாப்பொருள் குடலிற் சிறுகச்சிறுகக் குளுக்கோசாக மாறுகிறது. குளுக்கோசு உப்பின் சோடியத்தைத் தன்னோடு உட்கொண்டு செல்ல, நீர் அதனைத் தொடர்ந்து உறிஞ்சப்படுகிறது. எனினும், உப்பின் அளவு மிகுந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து நேரும். அளவு வரையறுக்கப்பட்ட ‘ஜீவனி’ப் பொதி இலகுவிற் கிடைக்கும் இன்று, அதுவே முதன்மை பெறல்வேண்டும். மரபறிவு கண்ட உண்மைக்கு விஞ்ஞானம் வழங்கிய திருத்தமாக இதனைக் கொள்ளல் தகும்.

மிளகாயும் கண்ணூறும்

பொருள்களைச் ‘சூடு’ என்றும் ‘குளிர்’ என்றும் பகுக்கும் முறை இங்கு ஆழ வேரூன்றியுள்ளது. சளிக்கு ஒரு கைப்பிடி கொத்தமல்லியை இலேசாக வறுத்து, தட்டிய இஞ்சியுடன் மூன்று பங்கு நீர் ஒரு பங்காக வற்றும்வரை அவித்துப் பருகுவர். இறால், நண்டு போன்றவை ‘கிரந்தி’ எனப்பட்டுச் சொறி சிரங்குடையோருக்கு விலக்கப்படும். கருஞ்சீரகமோ நபிமொழியிற் புகழப்பட்ட பொருளாதலால் தனிமதிப்புப் பெறுகிறது. சித்த, யூனானி மரபுகளும் மார்க்க நம்பிக்கையும் ஓர் அஞ்சறைப் பெட்டியினுள் ஒன்றுகூடியிருப்பதை இங்கு காண்கின்றோம்.

இவையனைத்தும் ஆதிமுதல் மாறாது வருவன எனக் கொள்வது தவறு. குழந்தைக்குக் கண்ணூறு பட்டதெனில் செத்தல் மிளகாயையும் உப்பையும் தலையைச் சுற்றி அடுப்பிலிடுவர். நெடி எழாவிடின் கண்ணூறு உறுதியென்பர். ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னரே, பதினாறாம் நூற்றாண்டளவில், இப்பகுதிகளிற் பரவியது. மிளகின் பெயரைக் கொண்டே அதற்குப் பெயரிட்டமை அதன் புதுமைக்குச் சான்றாகும். ஆகவே, இச்சடங்கு இன்றைய வடிவிற் சில நூற்றாண்டுகளுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. ‘குசினி’ என்ற சொல்லே போர்த்துக்கேயம் தந்ததாகும். மார்க்கச் சீர்திருத்தம் வேண்டுவோர் இச்சடங்கைக் கண்டிப்பதும், அதனால் அது அருகி வருவதும் அதே மாற்ற வரலாற்றின் தொடர்ச்சியேயாகும்.

மரபின் சுமை

மரபைப் போற்றுமிடத்து அதன் சுமையை மறைத்தல் நேர்மையன்று. பிள்ளை பெற்ற தாய்க்கு மிளகும் இஞ்சியும் உள்ளியும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பது உறவினர் காட்டும் அக்கறையின் வெளிப்பாடாகும். அதே நாற்பது நாட்களிற் ‘குளிர்’ எனக் கூறிப் பழங்களையும் கீரைகளையும் விலக்குவது, பாலூட்டும் உடலுக்குச் சத்து மிக வேண்டிய வேளையில் அதனைக் குறைப்பதாகும். வசதியுள்ள வீட்டில் இக்குறையை இறைச்சியும் முட்டையும் ஈடுசெய்யும். கூலிக்காரரின் வீட்டில் ஈடுசெய்ய யாதுமில்லை. ஒரே பத்தியம் இரு வர்க்கங்களின் உடலில் இருவேறு விளைவுகளை ஏற்படுத்துகிறது. அம்மியில் அரைக்கும் உழைப்பு முழுவதும் பெண்ணின் தலையிலேயே சுமத்தப்பட்டது என்பதும் மறக்கற்பாலதன்று.

இழப்பும் கடமையும்

2004 டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடற்கரைப் பகுதிகளை அழித்தது. மாண்டோருள் பெண்களும் சிறுவரும் முதியோரும் மிகுதியாக இருந்தனர். கிழக்கில் கரையிலிருந்து இருநூறு மீற்றருக்குள் மீளக் கட்டலாகாதென அரசு பின்னர் விதித்த தடையால் பலர் வேறிடங்களிற் குடியமர நேர்ந்தது. வீடு மீண்டும் கட்டப்படலாம். கிணற்றடி இரம்பையும் வேலி முருங்கையும், அவற்றை எந்நோய்க்கு எவ்வளவு இடவேண்டுமென அறிந்த மூத்தம்மாவும் மீண்டும் வாய்ப்பதில்லை. தாய்வீட்டை நிலைக்களனாகக் கொண்ட அறிவு, அவ்வீடு அழிந்தபோது தன் நிலைக்களனை இழந்தது.

எஞ்சியிருப்போரிடம் உள்ளதைப் பதிவுசெய்தல் இனியும் தாமதிக்கத்தக்கதன்று. அப்பதிவு பொருள்களின் பட்டியலாக மட்டும் அமைதல் போதாது. அளவு, பக்குவம், விலக்கு, அவற்றுக்கு அப்பெண்கள் கூறும் காரணம், அவர்களது சொல்வழக்கு ஆகிய அனைத்தையும் உள்ளடக்கல் வேண்டும். பயனுள்ளதையும் தீங்கானதையும் பகுத்தறிதல் மருத்துவர் பணி. இரண்டையும் உருவாக்கிய வாழ்நிலையை விளக்குதல் தமிழியல் ஆய்வாளர் பணி. அடுப்படியின் வாயிலில் தயங்கி நின்ற நமது ஆய்வு உள்ளே செல்லும்போதே கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் வரலாறு முழுமையை நோக்கி நகரும்.