தெமெங்கோர் ஏரிக்குத் தூண்டிலோடு போகிறீர்களா?

நண்பர்களோடு மீன்பிடிக்கப் போகும் திட்டங்களில் பல, புலனக் குழுவைத் தாண்டி வெளியே வருவதே இல்லை. "ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து பெலும் போவோம்டா" என்று ஒருவர் ஆரம்பிப்பார். பத்து பேர் கட்டைவிரலை உயர்த்துவார்கள். யாரோ ஒருவர் ஆளுயரத் தோமான் மீனின் படத்தைப் போடுவார். மறுவாரம் ஒருவருக்கு ஷிஃப்ட் மாறிவிடும், இன்னொருவருக்கு மாமியார் வீட்டில் விசேஷம், மூன்றாமவர் "சொல்றேன் மச்சான்" என்பதோடு காணாமல் போவார். தீபாவளிக்குச் சந்திக்கும்போது அதே பேச்சு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவது நல்லது. தெமெங்கோரில் படகும் படகு வீடும் ஆளுக்கு இவ்வளவு என்று வாடகைக்குக் கிடைப்பது குறைவு. பெரும்பாலும் முழுப் படகுக்கும் ஒரே விலைதான். படகு, எண்ணெய், சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,400 வெள்ளி ஆகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஆறு பேர் என்றால் தலைக்கு 400 வெள்ளி. கடைசி வாரம் இருவர் கழன்றுகொண்டால் மிச்சமுள்ள நால்வருக்கும் ஆளுக்கு 600. நட்பு கசந்துபோவது இந்த 200 வெள்ளியில்தான். அதனால் தேதியை முடிவு செய்த அன்றே ஆளுக்குப் பாதிப் பணம் வசூலியுங்கள். வர முடியாமல் போனால் அந்தப் பாதி திரும்பக் கிடைக்காது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கறாராகத் தெரியலாம். ஆனால் பணம் கட்டியவர்தான் விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதுவார்.

ஆறு பேர் போதும். பத்து பேர் போனால் அது மீன்பிடிப் பயணமாக இருக்காது, கல்யாண வீடாகிவிடும்.

தீபகற்ப மலேசியாவில் கென்யீருக்கு அடுத்த பெரிய செயற்கை ஏரி தெமெங்கோர்தான். மின்சாரத்துக்காகப் பேராக் ஆற்றின் குறுக்கே 1970களில் கட்டிய அணை, ஏறக்குறைய 15,200 ஹெக்டர் காட்டுப் பள்ளத்தாக்கை நீருக்குள் கொண்டுபோனது. வெட்டாமல் விட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. சில இடங்களில் வெளுத்த கிளைகள் மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். மீனுக்கு அதுதான் வீடு. தூண்டில்காரனுக்கு அதுவே வரமும் சாபமும். ஒரு நாளில் நான்கைந்து லூர்களை அந்த மரங்களுக்குக் காணிக்கையாகக் கொடுக்க மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை பூலாவ் பண்டிங் வழியாக இந்த ஏரியைக் கடக்கிறது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் ஓயாத காலத்தில், ராணுவக் காவலோடு போட்ட சாலை இது. 1982இல் திறக்கப்பட்டது. சாலைக்கு வடக்கே, தாய்லாந்து எல்லைவரை நீள்வது ராயல் பெலும் மாநிலப் பூங்கா: 117,500 ஹெக்டர், 2007இல் அரசிதழில் பதிவானது. அதற்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வழக்கமாகப் படகு ஏற்பாட்டாளரே வாங்கித் தந்துவிடுவார். எல்லாருடைய அடையாள அட்டை விவரங்களையும் நேரத்தோடு அவரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் "என் தம்பியும் வர்றான்" என்று ஆளைச் சேர்க்கிற பழக்கம் இங்கே எடுபடாது.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு ஈப்போ, கோலகங்சார், லெங்கோங், கெரிக் என்று பாதை. பினாங்கு, கூலிம் பக்கத்தவர்கள் பாலிங் வழியாக வரலாம். கெரிக்கிலிருந்து பண்டிங் சுமார் 40 கிலோமீட்டர். எண்ணெய், ஐஸ் கட்டி, மருந்து, மறந்துபோன பேட்டரி என எது வேண்டுமானாலும் கெரிக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து வெள்ளிக்கிழமை இரவே கிளம்பி விடிவதற்குள் படகுத்துறையை அடைந்துவிடலாம் என்று கணக்குப் போடும் நண்பர் எல்லாக் குழுவிலும் இருப்பார். அவரை உட்கார வைத்துப் பேசுங்கள். கெரிக்கைத் தாண்டினால் அது யானைகளின் சாலை. 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று, லாரி மோதி இறந்த குட்டியை விட்டுப் போகாமல் தாய் யானை நின்ற காணொளியைப் பார்க்காதவர்கள் குறைவு. அது நடந்தது இந்தச் சாலையில்தான். அடுத்த மாதமே சுல்தான் இட்ரிஸ் கல்விப் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இதே சாலையில் பேருந்து விபத்தில் உயிரிழந்தார்கள். கெரிக்கில் ஓர் இரவு தங்கி, விடிந்த பிறகு ஏறுங்கள். ஓர் அறைக்கு ஆகிற செலவு ஆறு பேருக்குப் பெரிய பாரமில்லை.

தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்களுக்கு நீண்ட விடுமுறை என்றாலே தீபாவளிதான். ஆனால் அக்டோபர் கடைசியும் நவம்பரும் மழைக்காலம். ஏரி கலங்கி, கட்டைகள் மிதந்து வரும். முடிந்தால் ஆண்டின் முற்பகுதியில் ஒரு வார இறுதியைத் தேர்ந்தெடுங்கள். மழை குறைந்து நீர்மட்டம் இறங்கும்போது மரக்கட்டைகளின் ஓரத்தில் மீன் எங்கே நிற்கும் என்று ஊகிப்பதும் எளிது.

இனி மீன். இந்த ஏரியின் ராஜா தோமான். நம் விரால் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஒரு மீட்டர்வரைகூட வளரும். காற்றைச் சுவாசிக்க அடிக்கடி மேலே வந்து ஒரு மிடறு விழுங்கிவிட்டுப் போகும். அந்தச் சுழிப்பைப் பார்த்து, அதற்குச் சற்று முன்னால் லூரை வீசுவதுதான் வித்தை. பல் கூர்மையானது என்பதால் நுனியில் கம்பி அல்லது தடித்த நரம்பு தேவை. பின்னல் நரம்பு 30 முதல் 50 பவுண்டு வரை இருந்தால்தான் மரத்துக்குள் ஓடுகிற மீனை இழுத்துத் திருப்ப முடியும். அடுத்தது செபராவ். விடிகாலையிலும் மாலையிலும் ஆற்று முகத்துவாரங்களில் சின்ன மீன்களைத் துரத்தும். ஒரு கிலோ செபராவ் மூன்று கிலோ மீனைப்போலச் சண்டை போடும். புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவருக்கு நான் பரிந்துரைப்பது இவை இரண்டையும் அல்ல. இரவில் படகு வீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, கோழிக் குடலைக் கோத்து அடியில் போட்டால் பாவுங் கடிக்கும். நம்ம கெளுத்தி மாதிரி மீசையுள்ள மீன். குழம்புக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. விலை உயர்ந்த ராட் தேவையில்லை. பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் போதும். இறக்கைப் பக்கத்து முள்ளில் மட்டும் கவனமாக இருங்கள். குத்தினால் அன்றைய இரவு உங்களுக்குத் தூக்கம் இல்லை.

தோமான் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தூண்டில்காரர்கள் சிலருக்கு இது பிடிக்காது. தாயும் தந்தையும் குஞ்சுகளைக் காவல் காக்கிற மீன் இது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு விடும்போது, அந்த ஓரிடத்தில் மட்டும் மழைத் தூறல் விழுவதுபோல நீர் சிலிர்க்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே லூரை வீசினால் பெரிய மீன் பாய்ந்து கவ்வும், அநேகமாகத் தவறாது. அது பசியில் கவ்வுவதில்லை. குஞ்சை எடுக்க வந்த எதிரி என்று நினைத்துக் கவ்வுகிறது. பெற்றோரைத் தூக்கிவிட்டால் மற்ற மீன்கள் குஞ்சுகளை விட்டுவைக்காது. படத்துக்கு ஒரு மீன் போகும், ஏரிக்கு ஒரு தலைமுறை போகும். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் படகைத் திருப்பிக்கொண்டு போவோம் என்று குழுவுக்குள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஏற்படும் ஆசைக்கு முன் அறிவுரை நிற்காது.

ஏரி நமக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு அதுதான் சமையலறை. ராயல் பெலும் பகுதியில் ஜஹாய், தெமெங்கோர் பக்கம் தெமியார் என்று பூர்வக்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களின் பழைய நிலத்தில் ஒரு பகுதிதான் இந்த நீருக்கு அடியில் இருக்கிறது. ஐஸ் பெட்டி நிறைய மீன் கொண்டுபோய் மூன்று மாதம் உறைய வைக்கிறவர்களுக்கும் அன்றைய சோற்றுக்கு வலை போடுகிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டு வேளைக் குழம்புக்கும் வீட்டுக்கு ஒரு மீனும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திரும்ப விட்டால் யாருக்கும் குறைவில்லை. எங்கே மீன் பிடிக்கக் கூடாது, எந்த ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பதைப் படகோட்டியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கிராமத்துக்குள் போனால் குழந்தைகளைப் படம் எடுப்பதற்கு முன் பெரியவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

தங்குவதற்குப் படகு வீடா, கூடாரமா? முதன்முறை போகிறவர்களுக்குப் படகு வீடுதான் சரி. கழிவறை இருக்கும், மழைக்கு ஒதுங்க இடம் இருக்கும். கூடாரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மலேசியக் காட்டாறுகளின் 'கெப்பாலா ஆயேர்' என்ன என்று தெரிந்துகொண்டு போகட்டும். நாம் இருக்கிற இடத்தில் வெயில் அடிக்கும். மேலே எங்கோ மலையில் மழை கொட்டும். சற்று நேரத்தில் ஆறு சுவர்போல எழுந்து வரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலும், சருகும் சுள்ளியும் வழக்கத்துக்கு மேல் மிதந்து வந்தாலும், தூரத்தில் இரைச்சல் கேட்டாலும் பாத்திரத்தையும் தூண்டிலையும் விட்டுவிட்டு மேட்டில் ஏறிவிட வேண்டும்.

ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் போயிருந்தோம். ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் அழகான மணல் திட்டு. கூடாரத்தின் முதல் முளையை அடித்துவிட்டோம். எங்களோடு வந்த ஜஹாய் இளைஞர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இங்கே வேண்டாம், அங்கே மேலே" என்று கையைக் காட்டினார். மேலே மரவேரும் அட்டையும் நிறைந்த சரிவு. வானத்தில் மேகமே இல்லை. எங்கள் கூட்டத்தில் மூத்தவரான அண்ணன் ஒருவர், "அவரு சொன்னா கேளுங்கடா" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கினார். இரவு பதினொரு மணிபோல இரைச்சல் கேட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். மணல் திட்டு இருந்த இடத்தில் தண்ணீர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அண்ணன்தான் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

நீச்சல் தெரியாத நண்பர் ஒருவராவது எல்லாக் குழுவிலும் இருப்பார். வெளியே சொல்லவும் மாட்டார். வாடா போடா என்று பேசுகிற கூட்டத்தில் "எனக்கு நீந்தத் தெரியாது" என்று சொல்வது ஆண்களுக்கு அவ்வளவு எளிதல்ல. அதனால் யாருக்குத் தெரியும், தெரியாது என்று விசாரிக்காமல், படகில் ஏறினால் எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி என்று வைத்துவிடுங்கள். நீந்தத் தெரிந்தவருக்கும் அது வேண்டும். மூழ்கிய மரக்கிளையில் கால் சிக்கினால் நீச்சல் உதவாது. மதுவைப் பற்றியும் மூடி மறைக்காமல் பேசலாம். குடிக்கிறவர்கள் இரவில், படகை நிறுத்திக் கட்டிய பிறகு குடிக்கட்டும். குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, இருட்டில் படகின் ஓரத்துக்குத் தனியாகப் போகவும் கூடாது. இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து ஓரத்துக்குப் போகிறவர் விழுந்தால் சத்தம்கூடக் கேட்காது.

பண்டிங்கை விட்டு உள்ளே போனால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய கவலை. படகு ஏற்பாட்டாளரின் எண், எந்த ஆற்றுப் பக்கம் தங்குகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த நேரத்துக்கு மேல் இத்தனை மணி நேரம் பார்த்துவிட்டு யாரை அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். "போன் எடுக்கலைன்னா பயப்படாதே" என்று வாயால் சொல்வதைவிட அந்தத் தாள் அவர்களைத் தூங்க வைக்கும். இரத்த அழுத்தம், சர்க்கரை மருந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளுக்கு அதிகமாகவே எடுத்து, தண்ணீர் புகாத பையில் வையுங்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய நம் நண்பர் கூட்டத்தில் இதற்கு ஆள் குறைவில்லை.

சாப்பாட்டுக்கு மீனை நம்பிப் போகாதீர்கள். மீன் கிடைக்காத நாள் உண்டு. வீட்டிலிருந்தே நெத்திலிச் சம்பலும் கோழிப் பெரட்டலும் செய்து உறைய வைத்து எடுத்துப் போனால் முதல் நாள் ஓடிவிடும். அரிசி, பருப்பு, சார்டின் டின், மீன் குழம்புக்கு அரைத்த மசாலா, புளி ஆகியவை இருந்தால் மிச்ச நாள் கவலையில்லை. மீன் கழுவிய குடலையும் செதிலையும் கூடாரத்துக்குப் பக்கத்தில் போடாதீர்கள். பன்றியும் உடும்பும் விருந்துக்கு வந்துவிடும். குப்பை எல்லாம் உங்களோடு கரையேற வேண்டும், அறுந்த நரம்புத் துண்டு உள்பட. இந்தக் காட்டில் மலேசியாவின் பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இருக்கின்றன. காலை ஆறரை மணிக்குத் தலைக்கு மேல் ரயில் போவதுபோலச் சிறகுச் சத்தம் கேட்டால், தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று ஏதாவது தெரிந்தால் சாதாரணச் சளி என்று பனடோலோடு விட்டுவிடாதீர்கள். "ஏரியில் இருந்தேன், ஆற்றுத் தண்ணீரில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் மருந்து கேட்கும். காலில் ஆறாத புண் இருப்பவர்கள் தண்ணீரில் இறங்காமல் படகிலேயே இருந்து தூண்டில் போடட்டும். காரின் பின்பக்கம் நாறும் மீன் வாடைக்கு, ஒரு கிண்ணத்தில் காப்பித் தூளை இரண்டு இரவு வைத்துப் பாருங்கள்.