பால் காய்ச்ச வருகிறவளை நினைத்து...



விற்ற வீட்டைக் கழுவி விட்டுப் போவது யார் வேலை? இதை வைத்து எங்கள் வீட்டில் மூன்று நாள் பெரிய வாக்குவாதமே நடந்தது. வீடு விற்கும் யோசனையில் இருக்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் 1991-ல் வாங்கிய வீட்டை 2022-ல் விற்றோம். என் கணவர் ஓய்வு பெற்றுவிட்டார். மாமியாருக்கும் வயது 84. கோவையில் இருக்கும் மகனோடு போய் இருந்து விடலாம் என்று முடிவு செய்தோம். வாங்கியவர்கள் ஒரு ஆசிரியர் குடும்பம். பேசி முடித்த விலையில் கடைசி நேரத்தில் 2 லட்சம் குறைத்து விட்டார்கள். அந்தக் கோபம் என் கணவருக்கு ஆறவே இல்லை.

காலி செய்ய ஒரு வாரம் இருக்கும்போது, "ஏங்க, ரெண்டு ஆளை வச்சு வீட்டைக் கழுவி விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"2 லட்சம் குறைச்சவருக்கு வீட்டையும் கழுவிக் குடுக்கணுமா? எப்படியும் வெள்ளையடிக்கத்தான் போறாங்க. சாவியைக் குடுத்துட்டு வா" என்றார்.

மாமியார் வேறு காரணம் சொன்னார். "கிளம்புறப்போ பெருக்கித் தள்ளினா நம்ம லட்சுமியும் கூடவே போயிடும்மா. அப்படியே பூட்டிட்டு வா."

எனக்கு மனசு கேட்கவில்லை. காரணம், 1991-ல் நாங்கள் அந்த வீட்டுக்குப் பால் காய்ச்ச வந்த நாள்.

அன்று விடியற்காலை வந்து கதவைத் திறந்தால், அடுப்பு மேடையில் விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. நல்ல நேரம் போய்விடுமே என்று நான் அவசர அவசரமாக மேடையைத் தேய்த்துக் கொண்டிருந்தேன். 3 வயது மகன் கொல்லைப் பக்கம் போனதைக் கவனிக்கவில்லை. திடீரென்று ஒரு அலறல். முன்பு இருந்தவர்கள் குளியலறை மாடத்தில் ஒரு கூல்டிரிங்க் பாட்டிலில் ஆசிட்டை விட்டுப் போயிருக்கிறார்கள். குடிக்கிற கலர் என்று நினைத்து எடுத்தவன் கை நழுவிக் காலில் கொட்டிக் கொண்டான். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடினோம். கை நழுவியதே நல்லதாயிற்று. வாயில் வைத்திருந்தால்? இன்றும் அவன் பாதத்தில் அந்த வடு இருக்கிறது.

விற்றுப் போன அந்த அம்மா கெட்டவர் இல்லை. 'புதுசா வர்றவங்களுக்குக் கழுவ ஆகும்' என்று நினைத்துக்கூட வைத்திருக்கலாம்.

"பையன் காலை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க" என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலை தண்ணீர் டேங்கைக் கழுவ அவரே மாடிக்கு ஏணியைத் தூக்கிக் கொண்டு போனார்.

மாமியாரிடம், "கிளம்புற அன்னிக்குத்தானே பெருக்கக் கூடாது? ரெண்டு நாள் முன்னாலயே முடிச்சிடுறேன் அத்தை" என்றேன். "அப்படின்னா சரி" என்று அவரே பழைய துணியைக் கிழித்துக் கொடுத்தார். கிளம்பிய அன்று விளக்கேற்றிக் கும்பிட்டதோடு சரி, துடைப்பத்தைத் தொடவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டப்படி, வேறு விதமாகப் பேசிக் கொள்ளாவிட்டால், விற்கிற தேதி வரையிலான வரி பாக்கிகளை விற்பவர்தான் கட்ட வேண்டும். ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்து ஒப்படைக்கும் வரை வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக் கொள்ளவும் வேண்டும். பூட்டு, சாவி, கதவு, ஜன்னல் எல்லாம் வீட்டோடு சேர்ந்தவை, கழற்றிக் கொண்டு போகக் கூடாது. ஆனால் வீட்டைப் பெருக்கித் துடைத்துக் கொடு என்று அதில் இல்லை. அது நம் மனசைப் பொறுத்தது.

எந்த அளவுக்குச் சுத்தம் என்றால், வருகிறவள் துடைப்பத்தைத் தொடாமல் பால் காய்ச்ச முடிய வேண்டும். அவ்வளவு போதும். சுவருக்கு வர்ணம் பூச வேண்டாம், உப்புக் கறை முழுதும் போக வேண்டாம். அடுப்பு மேடை, தொட்டி, கழிப்பறை, சாக்கடை அடைப்பு, இவை முக்கியம். மாடித் தொட்டியைக் காலி செய்து தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் கழுவி, வாசனை போக அலசி விடுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டை மட்டும் சேர்த்து விடாதீர்கள். அந்தப் புகை உயிருக்கே ஆபத்து. ஆசிட், எலி மருந்து, பழைய மாத்திரை எதையும் விட்டுப் போகாதீர்கள். கடைசி மின்கட்டண ரசீதையும் வீட்டு வரி ரசீதையும் சாவியோடு சேர்த்துக் கொடுங்கள்.

இவ்வளவு செய்த நானும் ஒரு தப்புச் செய்தேன். மிச்சமிருந்த தரை ஓடுகள், பெயிண்ட் டின்கள், நாலைந்து பழைய சாமி படங்கள் எல்லாவற்றையும் 'அவர்களுக்கு ஆகும்' என்று பரணிலேயே விட்டு வந்தேன்.

நாலாம் நாள் அந்த ஆசிரியரின் மனைவி போன் செய்தாள். "டேங்கு தண்ணி சுத்தமா இருந்துச்சுக்கா. வந்த அன்னிக்கே சமைச்சுட்டோம்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "பரண்ல சாமி படமெல்லாம் இருக்குக்கா. நாங்க கிறிஸ்தவங்க. தூக்கிப் போடவும் மனசு வரல, என்ன செய்றதுன்னும் தெரியல" என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டை வாங்கியவர்கள் யார் என்று தெரிந்தும் நான் யோசிக்கவில்லையே! ஆசிட்டை விட்டுப் போன அந்த அம்மா நினைத்ததைத்தானே நானும் நினைத்திருக்கிறேன்!

கணவரிடம் சொன்னேன். 'சாவியைக் குடுத்துட்டு வா' என்று சொன்ன அதே மனுஷர் மறுவாரம் தஞ்சாவூர் போய்ப் படங்களையும் டின்களையும் எடுத்து வந்தார். ஓடுகளை மட்டும் 'உடைஞ்சா மாத்த ஆகும் சார்' என்று அவர்களே கேட்டு வைத்துக் கொண்டார்களாம். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாகச் சாப்பாடு போட்டு அனுப்பினார்களாம். அதன் பிறகு அந்த 2 லட்சத்தைப் பற்றி அவர் பேசுவதே இல்லை.

சகோதரிகளே, எதையும் விட்டுப் போகும் முன், "இது உங்களுக்கு வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டு விடுங்கள். நமக்குப் பொருளாகத் தெரிவது அவர்களுக்குப் பாரமாக இருக்கலாம்.

— தஞ்சாவூரிலிருந்து கோவைக்குக் குடிவந்த ஒரு வாசகி