ஆவணங்களும் அவற்றின் பிரதிகளும்

திருமணத்தைப் பதிவேட்டில் எழுதியபின், அதனின்று பிரித்த சான்றுப் பகுதியை அரசுப் பதிவு அலுவலருக்கு அனுப்பவேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் விதிக்கிறது. ஒரு செய்தி ஈரிடங்களில் தங்குவதால், ஆலயம் தீக்கிரையானாலும் சான்று அழிவதில்லை. ஞானஸ்நானப் பதிவேடுகளுக்கும் சபைக் குறிப்பேடுகளுக்கும் இச்சட்டம் பொருந்தாது. ஏழை எளியோர் பலரின் முன்னோர் பெயர்கள் இவற்றிலன்றி வேறெங்கும் எழுதப்பட்டிருத்தல் அரிது.

ஒரே பிரதியை நம்புவதன் விளைவை யாழ்ப்பாணம் காட்டிற்று. 1981 மே 31ஆம் நாள் இரவு தொடங்கி அங்குள்ள பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஓலைச்சுவடிகளும் அழிந்தன. வேறிடத்தில் பிரதியுள்ள நூலை மீண்டும் பெறலாம், தனிப்பிரதியோ மீளாது. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்தமிழரின் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காத்துவருகிறது.

செய்யாறு, ஆரணி வட்டாரச் சபைகளின் ஏடுகளை எல்லாம் படமெடுத்துக் கணிப்பொறியில் சேர்ப்போமானால், கோப்புகள் விரைவில் இலட்சத்தைத் தாண்டும். அவற்றைக் காக்கும் முறைகள் பின்வருமாறு:

1. மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில், அதாவது ஹார்ட் டிஸ்க்கிலும் காந்த நாடாவிலும், இருத்தல் நன்று. ஒரு பிரதி வேறூரில் இருக்கவேண்டும். ஒரே அலமாரியிலுள்ள மூன்றும் ஒரே வெள்ளத்தில் போகும்.

2. பத்து டெராபைட் தொகுப்பை நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் படியெடுக்க 28 மணி நேரம் ஆகும். சிறு கோப்புகள் மிகுந்திருப்பின் இன்னும் நீளும். ஆகவே முழுமையாக ஒருமுறை எடுத்தபின், புதியனவற்றையும் மாறியவற்றையும் மட்டும் சேர்த்துவருதல் தகும்.

3. மூலத்தை அப்படியே பின்பற்றும் நிழற்பிரதி காப்புப்பிரதி ஆகாது. மூலத்தில் தவறி அழித்தது அதிலும் அழியும். எனவே முந்தைய நிலைகளையும் வைத்திருத்தல் வேண்டும். ஒரு பிரதியேனும் கணிப்பொறியோடு இணைக்கப்படாதிருந்தால், நச்சு நிரல்கள் அதனைத் தொடா.

4. அனைத்தையும் காக்க இயலாதபோது மூலத்தை முதலில் காக்கவேண்டும். ஆரணிப் பட்டுத்தறியில் புடவை பழுதானால், துளையிட்ட ஜக்கார்டு அட்டைகளைக் கொண்டு அதே வேலைப்பாட்டை மீண்டும் நெய்யலாம். அட்டைகளே அழிந்தால் அவ்வாறு செய்ய இயலாது. ஏட்டின் முதற்படம் அட்டையைப் போன்றது. அதிலிருந்து ஆக்கிய சிறுபடங்கள் புடவையைப் போன்றவை.

5. பிரதிகள் ஓசையின்றிக் கெடுவதுண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துவைத்து, ஆண்டுதோறும் ஒப்பிடவேண்டும். சில கோப்புகளைப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்தும் பார்க்கவேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதியை நம்புதற்கில்லை.

யோயாக்கீம் அரசன் எரித்த சுருளின் வார்த்தைகளை எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக்கு எழுதினான் (எரே. 36). சொன்னவர் உயிரோடிருந்தமையால் அது இயன்றது. நம் பழைய பதிவேடுகளை எழுதியோர் இன்று இல்லை. அவற்றுக்குப் பிரதி எடுத்துவைக்கும் பொறுப்பு இப்போது அவற்றை வைத்திருக்கும் நம்மைச் சார்ந்தது.