சைக்கிளில் ஏலகிரி ஏறலாமா?

ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரைச் சாலையில் சாதாரண சைக்கிளே போதும். ஜோலார்பேட்டை அருகே உள்ள ஏலகிரி மலை அப்படி அல்ல. 14 கொண்டை ஊசி வளைவுகள்! பலர் வழியிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

காலில் பலம் இல்லையா? அதுமட்டும் காரணம் அல்ல. சூட்சுமம் பல் சக்கரத்தில் இருக்கிறது.

பல் கணக்கு

பெடல் பக்கம் 44 பல், பின் சக்கரத்தில் 22 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு முறை சுற்றினால், பின் சக்கரம் 2 முறை சுற்றும். 28 அங்குலச் சக்கரமானால், வண்டி 14 அடிக்கு மேல் ஓடும். சமவெளியில் இது சுகம். மேட்டிலோ பெரும் பாரம்!

முன்னே 22, பின்னே 34 பல் உள்ள கியருக்கு மாற்றினால், அதே மிதிக்கு வண்டி 5 அடிகூட நகராது. வேகம் குறையும். ஆனால், காலுக்குப் பாரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். முழங்காலும் தப்பும்.

வீரர்களின் பாடு

பிரான்சில் 1903-ல் தொடங்கிய புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில், ஓடும்போதே கியர் மாற்றும் கருவிக்கு 1937-ல்தான் அனுமதி கிடைத்தது. அதற்குமுன், வீரர்கள் மலையடியில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள்!

வாங்குவோர் கவனிக்க

மலைக்கு வாங்குவோர் பல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். முன்னே உள்ள சிறிய சக்கரத்தைவிட, பின்னே உள்ள பெரிய சக்கரத்தில் பல் அதிகம் இருப்பது நல்லது. மேடு தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும்.

கியர் இல்லாத வண்டியா? பின்னே 18 பல்லுக்குப் பதில் 22 பல் மாட்டினால், பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

ஏறினால் போதுமா? இறங்க வேண்டுமே! இரண்டு பிரேக்கையும் பார்த்த பிறகே புறப்படுங்கள்.