மலையேறுகிறவருக்கும் தடுமாற்றம் உண்டு

"அம்மாயிக்கு எழுபது வயசு, இன்னமும் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகுது. அதுக்கென்ன குறை?" ஹட்டன், நுவரெலியா தேயிலைத் தோட்ட லயங்களில் பெருமையாகச் சொல்லப்படும் இந்தப் பேச்சை நான் முழுதாக நம்புவதில்லை. ஏற்றத்தைத் தொடைப் பலத்தால் சமாளித்துவிடலாம். ஈரப் படியில் இறங்கித் திரும்ப, கண்ணும் உட்காதும் பாதத்தின் உணர்வும் சேர்ந்து வேலை செய்யவேண்டும். சர்க்கரை வியாதி பாதத்தை மரக்கவைக்கும்; கண்புரை படியின் விளிம்பை மறைக்கும். பகலில், பழகிய பாதையில் இந்தக் குறை தெரியாது. விடியுமுன் பீலிக்கரைக்குப் போகையில் தெரியும்.

விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம் போதும். முதியவர் எழுந்து மூன்று மீற்றர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். 12 செக்கனோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. 1991 முதல் மருத்துவர்கள் கையாளும் சோதனை இது. இன்னொன்று, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரல்நுனியைத் தொட வரிசையாக வைத்து நிற்பது. 10 செக்கன் தாங்காவிட்டால் கவனிக்கவேண்டும். இரண்டுக்கும் பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கவேண்டும். தனியே இருப்பவர் செய்து பார்க்கக்கூடாது.

கிளினிக்கில், படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 இறங்கினால் தலைசுற்றலாம். மாத்திரையை வைத்தியர்தான் மாற்றவேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒருமுறை விழுந்திருந்தால், அடிபடாவிட்டாலும் மறைக்காதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் தைலத்தோடு அனுப்பினால், அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவரைப் பார்க்க வழி கேளுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

லயத்துப் படிக்கும் வெளிக் கழிப்பறைக்கும் கைப்பிடி, விளக்கு வேண்டுமென்று தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது மறுநாள் பெரட்டோடு போய்விடும். வேலையில் விழுந்தால் அன்றே பதியச் சொல்லுங்கள். 1934இன் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் கோருவதற்கு அந்தப் பதிவு உதவும்.

தம்மைத் தாமே பராமரிக்க வழியில்லாத பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி பராமரிப்புச் சபையில் பணம் கேட்கலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

விழுந்தவர் இடுப்பு வலியால் எழமுடியாமல் கிடந்தால், கையைப் பிடித்துத் தூக்காமல் கம்பளியால் போர்த்திவிட்டு 1990ஐ அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசில்லை.