பெட்டியைச் சுற்றி 775 ஏக்கர்

நகரோரத் தேன் – 11

பெட்டியைத் திறந்து அடையைத் தூக்கிப் பார்ப்பது எப்படி என்று போன வாரம் பார்த்தோம். பெட்டிக்குள் நம் கை எட்டும். கை எட்டாத இடத்தைப் பற்றியது இந்த வாரம்.

பூந்தமல்லிக்கு மேற்கே, நேமம் ஏரிப் பக்கம் இருக்கிறது எங்கள் பெட்டி. மாசியில் ஒரு நாள் தண்ணீர்த் தட்டை நிரப்பப் போனேன். பெட்டி வாசலுக்குக் கீழே தரை கறுத்துக் கிடந்தது. குனிந்தால், கைப்பிடி கைப்பிடியாகத் தேனீக்கள். உயிர் மிச்சமிருந்த சில, மல்லாந்தபடி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்றை உள்ளங்கையில் எடுத்தேன். நாக்கு முழுதாக வெளியே நீண்டிருந்தது. முதுகெல்லாம் மஞ்சள் தூள். ஒரே நாளில் குவியலாகச் சாவு, நடுக்கம், நீண்ட நாக்கு மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் நஞ்சைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த மஞ்சள் தூள்தான் வழி காட்டியது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவரின் பூசணித் தோட்டம்.

“ஐயா, காலையில மருந்து அடிச்சீங்களா?”

“ஆமா தம்பி, ஆறரைக்கு. வெயில் ஏறிட்டா முதுகுல டேங்க்கைச் சுமக்க முடியல. காய் ஈ தொல்லை தாங்கல. சிவப்பு, மஞ்சள் எல்லாம் நான் தொடுறதில்ல. நீல முக்கோணம் பார்த்துத்தான் வாங்குனேன்.”

அவர் அக்கறையோடுதான் வாங்கியிருக்கிறார். ஆனால் மருந்து டப்பாவில் இருக்கும் அந்த முக்கோணம் தேனீக்காகப் போட்டதல்ல. அது எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு நஞ்சு என்று கணக்கிட்டு, மனிதரை எச்சரிக்கப் போட்டது. கிலோ எடைக்கு 50 மில்லிகிராமுக்குள் உயிர் போனால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. ஸ்பினோசாட் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். எலிக்கு 3,700 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும் என்பதால் அது நீலக் கணக்கில் வருகிறது. ஆனால் அதே மருந்தின் ஈரம் மேலே பட்டால் தேனீ பிழைக்காது. இலையில் காய்ந்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

அதனால் எந்த மருந்து என்பதைப் போலவே எந்த நேரம் என்பதும் முக்கியம். பூசணிப் பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். தேனீ அங்கே மொய்ப்பதும் அந்தக் காலை வேளையில்தான். பெரியவர் டேங்க்கைத் தூக்கியதும் அதே நேரம். பொழுது சாய்ந்து, தேனீ கூடடைந்த பிறகு அடித்திருந்தால், ஈரம் காய ஓர் இரவு முழுக்கக் கிடைத்திருக்கும்.

எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. இமிடாகுளோபிரிட், தையாமீதாக்சாம் போன்றவை செடிக்குள் ஊடுருவி மகரந்தத்திலும் தேனிலும் கலப்பவை. ஒரு தேனீயைக் கொல்ல இமிடாகுளோபிரிட் சில நானோகிராம் போதும். ஒரு கிராமை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் பங்குதான் நானோகிராம். இதே குடும்பத்தைச் சேர்ந்த குளோத்தியானிடினை மக்காச்சோள விதையில் பூசி விதைத்தபோது எழுந்த தூசியால், 2008-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான கூடுகள் நாசமாயின. இந்த மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. பூக்கும் பயிரிலும், பூக்கப் போகும் பயிரிலும் இவற்றைத் தொடாமல் இருப்பதே வழி.

நம் அடுக்குத் தேனீ பெரும்பாலும் பெட்டியிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் மேயும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 775 ஏக்கர். அதில் நம் கையில் இருப்பது ஒன்றரை அடிப் பெட்டி மட்டும். மீதி முழுக்க அக்கம்பக்கத்தார் கையில் இருக்கிறது. ஆகவே தேனீ வளர்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது, சுற்றிலும் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, மருந்து அடிப்பதற்கு முதல் நாளே தகவல் வரும்படி பழகி வைப்பது.

தகவல் வந்தால், இருட்டிய பிறகு வாசலைக் கம்பி வலையால் அடைத்து, பெட்டி மேல் நனைத்த கோணியைப் போட வேண்டும். உள்ளே சர்க்கரைப் பாகும் தண்ணீரும் இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் மூடிய பெட்டி அடுப்பாகிவிடும். நிழல் கட்டாயம், ஒரு நாளுக்கு மேல் அடைக்கவும் கூடாது.

அம்பத்தூர், ஆவடி மாடித்தோட்டக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஞாயிறு காலை செம்பருத்தி மாவுப்பூச்சிக்கு மருந்து அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் தெளியுங்கள். அதையும் பூவில் படாமல் தெளியுங்கள். கொசுப் புகை வண்டி வரும் நாளில் தேனீ குடிக்கும் தண்ணீர்த் தட்டை மூடி வையுங்கள்.

பெரியவரிடம் பேசிக்கொண்டே கொடியைப் புரட்டினோம். பெண் பூக்களின் அடியில் இருந்த பிஞ்சுகள் பல மஞ்சளித்து வெம்பிக் கிடந்தன. மகரந்தம் சேராத பிஞ்சு அப்படித்தான் உதிரும். அவர் ஒரு பிஞ்சைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். “ஈயை விரட்டுறேன்னு இதையும்ல விரட்டிட்டேன்” என்றார்.

இப்போது அவர் வயலில் கருவாட்டுப் பொறி தொங்குகிறது. துளையிட்ட பாலிதீன் பைக்குள் நனைத்த கருவாட்டுத் தூளும், மருந்தில் தோய்த்த பஞ்சும். அந்த நாற்றத்துக்குக் காய் ஈ வரும்; தேனீ அந்தப் பக்கமே போகாது. அப்படியும் தெளித்தே ஆக வேண்டிய நாளில் முந்தின நாளே கைபேசியில் கூப்பிடுகிறார்: “தம்பி, நாளைக்குச் சாயங்காலம் அடிக்கிறேன். ராத்திரி வாசலை அடைச்சிடு.”

நான் கோணியை நனைக்கப் போகிறேன்.

(அடுத்த வாரம்: வேம்பு பூக்கும் சித்திரையில் பெட்டிக்குள் நடப்பது என்ன?)